தொட்டிச்செடிகளுக்கான தானியங்கி நீர்ப்பாசனம்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

முற்றத்திலோ பால்கனியிலோ உள்ள தொட்டிச்செடிகளுக்காக வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் தானியங்கி நீர்ப்பாசனத்தில் உறுப்புகள் அதிகம் இல்லை. தண்ணீர் நிரப்பிய ஒரு டிரம், அதற்குள் மூழ்கியிருக்கும் 12 வோல்ட் பம்ப், 16 மில்லிமீட்டர் முதன்மைக் குழாய், அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் பிரியும் 4 மில்லிமீட்டர் மெல்லிய குழல், அதன் முனையில் ஒரு சொட்டுவான், இவற்றை இயக்குவதற்கு ஒரு டைமர் அல்லது ரிலேயும் (கட்டளை வந்ததும் பம்பின் மின்சுற்றை மூடும் சுவிட்ச்) ஈரப்பத சென்சாரும் இணைந்த கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவையே பெரும்பாலான அமைப்புகளில் இருக்கின்றன. உறுப்புகள் சில என்பதால் பழுதுகளின் வகையும் சிலவே. அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

பழுது என்றதும் பலரும் முதலில் தொடுவது கட்டுப்பாட்டுப் பலகையையும் அதன் நிரலையும்தான். ஆனால் இத்தகைய அமைப்புகளில் பெரும்பாலான பழுதுகள் உயரம், அழுக்கு, காற்று ஆகிய மூன்றில் ஒன்றால் வருபவை. அதாவது, அவை மின்னணுவில் இல்லை, தண்ணீர் செல்லும் வழியில் இருக்கின்றன. ஆகையால் கீழே இயன்ற இடங்களிலெல்லாம் தண்ணீர்ப் பக்கத்தை முதலிலும் மின்பக்கத்தைப் பின்பும் வைத்திருக்கிறேன். செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணத்தை நோக்கிச் செல்வதற்கும் இதே வரிசைதான் பொருந்துகிறது.

## எல்லா அறிகுறிக்கும் பயன்படும் இரண்டு சோதனைகள்

நேரடி இணைப்புச் சோதனை. டைமர், ரிலே, பலகை ஆகிய அனைத்தையும் விலக்கிவிட்டுப் பம்பின் இரு கம்பிகளையும் 12 வோல்ட் அடாப்டரில் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். பம்ப் ஒழுங்காக ஓடித் தண்ணீரும் வந்தால் பழுது கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அப்போதும் தண்ணீர் வராவிட்டால் நிரலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. நேர்முனை, எதிர்முனை மாறிவிடாமல் கவனிக்க வேண்டும். இந்தச் சிறிய பம்புகளில் பல, முனை மாறினால் ஓடுவதில்லை. சில நிரந்தரமாகவே பழுதாகிவிடும்.

குவளைச் சோதனை. ஒவ்வொரு சொட்டுவானையும் ஒரே அளவுள்ள குவளையில் விட்டு, அமைப்பைச் சரியாக 6 நிமிடம் ஓட்டி, சேர்ந்த நீரை அளக்க வேண்டும். 6 நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதால் கணக்கு எளிது: மணிக்கு 4 லிட்டர் என்று குறிக்கப்பட்ட சொட்டுவான் 400 மில்லிலிட்டரும், 2 லிட்டர் சொட்டுவான் 200 மில்லிலிட்டரும் தர வேண்டும். ஆனால் அந்தக் குறியீடு பெரும்பாலும் 1 பார் அழுத்தத்துக்கு உரியது; சிறிய பம்பில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். எனவே குறித்த அளவு வருகிறதா என்பதைவிட, குவளைகளுக்கிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து 'நன்றாகத்தான் சொட்டுகிறது' என்று முடிவு செய்வது எந்தப் பயனும் தராது; பாதி அளவு தரும் சொட்டுவானும் கண்ணுக்கு நன்றாகச் சொட்டுவதாகவே தெரியும்.

## அறிகுறி: நேரம் வந்தும் பம்ப் அசையவில்லை, ஒலியும் இல்லை

முதலில் டைமரின் நிலையைப் பார்க்க வேண்டும். கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு 'ஆட்டோ' நிலைக்குத் திருப்பாமல் விடுவதும், காலை 6 என்பதற்குப் பதிலாக மாலை 6 என்று பதிந்துவிடுவதும் மிகச் சாதாரணமாக நடப்பவை. பற்களைத் தள்ளி நேரம் அமைக்கும் சுழல் டைமராக இருந்தால், மின்தடை ஏற்பட்ட ஒவ்வொரு முறையும் அது அந்த அளவு பின்தங்கிவிடும். சில வாரங்களில் காலைப் பாசனம் நண்பகலுக்கு நகர்ந்திருக்கும்.

டைமர் சரியாக இருந்தால் நேரடி இணைப்புச் சோதனையைச் செய்ய வேண்டும்.

### நேரடியாக இணைத்தால் ஓடுகிறது

பழுது டைமர், ரிலே, இடைக்கம்பி ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. ரிலே இயங்கும்போது 'டிக்' என்ற ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலி கேட்டும் பம்ப் ஓடவில்லை என்றால், திருகு முனையில் கம்பி தளர்ந்திருக்கலாம், அல்லது கம்பியைப் பொதுமுனைக்கும் இயல்பாக மூடியிருக்கும் முனைக்கும் இடையே தவறாக இணைத்திருக்கலாம். இயல்பாகத் திறந்திருக்கும் முனையே இந்த வேலைக்கு உரியது. இவ்விரண்டும் சரியாக இருந்தால் ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கும். ரிலேயை மாற்றுவதே தீர்வு. ஒலியே கேட்கவில்லை என்றால், பலகைக்கு மின்சாரம் வருகிறதா என்பதையும், ரிலேக்குச் செல்லும் கட்டளைக் கம்பி கழன்றுவிடவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளியில் உள்ள இணைப்புகளில் பச்சைப் பூப்பு படிந்திருந்தால், சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்துவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. அந்தப் பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாகச் செப்பு தெரியும் இடத்தில் இணைத்து, ஈரம் புகாத உறையிட்டு மூட வேண்டும்.

### நேரடியாக இணைத்தும் ஓடவில்லை

மல்டிமீட்டரைப் பம்பின் முனைகளில் வைத்து, பம்ப் இணைந்திருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். பம்ப் இல்லாமல் அளந்தால் 12 வோல்ட் காட்டி, பம்பை இணைத்ததும் பாதியாகச் சரியும் அடாப்டர்கள் நிறைய உண்டு. அடாப்டரை மட்டும் தனியே அளந்து அது நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பம்ப் 1 ஆம்பியர் இழுப்பதாக இருந்தால், தொடக்க நேரத் தேவையையும் சேர்த்து 2 ஆம்பியர் அடாப்டர் வைப்பதே சரி.

மின்னழுத்தம் குறையாமல் வந்தும் பம்ப் அசையாவிட்டால், அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பம்பை வெளியே எடுத்து, அதன் முன்மூடியைக் கழற்றிச் சுழலியைப் பார்க்க வேண்டும். முடி, தேங்காய் நார், வேர்த்துணுக்கு, சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சுழலியைப் பிடித்திருக்கும். நாரை இழுத்து நீக்கி, படிவு இருந்தால் அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் துலக்கினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். சுழலி விரலால் எளிதாகச் சுழன்றும் மின்சாரம் கொடுத்தால் அசையவில்லை என்றால் உள்ளே சுருள் எரிந்துவிட்டது. பிசின் ஊற்றி மூடப்பட்ட இந்தப் பம்புகளைப் பழுது பார்க்க இயலாது, மாற்றத்தான் வேண்டும். எரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரில்லாமல் ஓடியதுதான் என்பதால், புதிய பம்புடன், தண்ணீர் குறைந்ததும் பம்பை அணைக்கும் ஒரு மிதவைச் சுவிட்சையும் சேர்த்துப் பொருத்துவது நல்லது.

## அறிகுறி: பம்ப் ஓடும் ஒலி கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்பதை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அடுத்து உறிஞ்சுமுனையில் உள்ள பஞ்சு அல்லது சல்லடையைக் கழுவ வேண்டும். அதற்கடுத்துக் குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா, ஏதேனும் தொட்டியின் அடியில் சிக்கி நசுங்கியிருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். தொட்டிகளை இடம் மாற்றிய பிறகு இந்த அறிகுறி தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இவை மூன்றும் இல்லையென்றால் பம்புக்குள் காற்று அடைத்திருக்கும். டிரம் முழுதாக வற்றி மீண்டும் நிரப்பிய பிறகு இது அடிக்கடி நிகழும். மின்சாரத்தை நிறுத்தி, பம்பைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, குமிழிகள் வெளியேறும் வரை ஆட்டிவிட்டு மீண்டும் ஓட்டினால் போதும்.

எஞ்சியது உயரம். '240 லிட்டர், 3 மீட்டர்' என்று ஒரு பம்பில் எழுதியிருந்தால், மணிக்கு 240 லிட்டர் கிடைக்கும் என்பது தண்ணீரை உயர்த்த வேண்டாத நிலையில் மட்டுமே. 3 மீட்டர் உயரத்தில் ஒரு துளியும் வராது. இரண்டும் சேர்ந்து ஒருபோதும் கிடைப்பதில்லை. டிரம்மின் நீர்மட்டத்திலிருந்து குழாய் ஏறும் மிக உயரமான இடம் வரை அளந்து பார்த்து, அது பம்பில் குறித்த உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் பம்ப் போதாது என்றே கொள்ளலாம். டிரம் நிறைந்திருக்கும்போது வந்த தண்ணீர், மட்டம் இறங்கியதும் நின்றுவிடுகிறது என்பது இதற்கு உறுதியான அடையாளம். செலவில்லாத தீர்வு டிரம்மை ஒரு மேடையின்மேல் ஏற்றுவது. ஆனால் 200 லிட்டர் டிரம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ என்பதை மறக்கக் கூடாது. பால்கனியின் விளிம்பில் அத்தகைய எடையை ஏற்றுவதற்குமுன் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டுவிட வேண்டும். டிரம்மை உயர்த்த முடியாவிட்டால் அதிக உயரம் தள்ளும் பம்பை வாங்குவதுதான் வழி.

## அறிகுறி: முதல் தொட்டிகள் நனைகின்றன, கடைசித் தொட்டிகள் காய்கின்றன

இது மிகுதியாக வருவதும், மிகுதியாகத் தவறாகக் கையாளப்படுவதுமான பழுது. கடைசித் தொட்டி காய்கிறது என்பதற்காக ஓடும் நேரத்தைக் கூட்டினால் முதல் தொட்டியின் வேர் அழுகும். குவளைச் சோதனையைச் செய்து எண்களை ஒரு தாளில், தொட்டிகள் இருக்கும் வரிசையிலேயே எழுதிக்கொண்டால், அந்த எண்கள் அமைந்திருக்கும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

### ஓரிரு குவளைகள் மட்டும் குறைவு, அவற்றின் இருபுறமும் சரியாக இருக்கிறது

அந்தச் சொட்டுவான் அடைத்திருக்கிறது. கழற்றி, எதிர்ப்புறமாக வாயால் ஊதியோ தண்ணீர் பாய்ச்சியோ பார்க்க வேண்டும். உள்ளே வெண்மையான படிவு இருந்தால் அது கடின நீரின் சுண்ணாம்பு. வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ இரவு முழுதும் ஊறவைத்தால் கரையும். அதே நேரத்தில் குளோரின் உள்ள வெளுப்பானைச் சேர்த்துவிடக் கூடாது. அமிலத்துடன் அது கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். பச்சையாக வழவழவென்று இருந்தால் அது பாசி. பாசிக்குத் தேவை வெளிச்சம் என்பதால், ஒளி ஊடுருவும் டிரம்மும் ஒளி ஊடுருவும் குழலும் இருக்கும்வரை கழுவிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கறுப்பு டிரம், கறுப்புக் குழல், இறுக்கமான மூடி ஆகியவை நிரந்தரத் தீர்வு. மூடி கொசுவையும் தடுக்கும்.

அடைப்பு அடிக்கடி வந்தால், பம்புக்கு அடுத்து 120 மெஷ் வடிகட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். அதன் துளை ஏறக்குறைய 130 மைக்ரான். உரத்தைக் கரைத்து டிரம்மில் ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கால்சியம் உள்ள உரமும், சல்பேட் அல்லது பாஸ்பேட் உள்ள உரமும் செறிவான நிலையில் கலந்தால் கரையாத வீழ்படிவாக மாறிச் சொட்டுவான்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடும்.

### குவளைகள் முதலிலிருந்து கடைசிவரை படிப்படியாகக் குறைகின்றன

அழுத்தம் வழியிலேயே தீர்ந்துபோகிறது. முதன்மைக் குழாயாகவும் 4 மில்லிமீட்டர் குழலையே நீட்டிக்கொண்டு போயிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். முதன்மைக் குழாய் 16 மில்லிமீட்டராக இருக்க வேண்டும், மெல்லிய குழல் தொட்டிக்குள் நுழையும் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டுமே உரியது. முதன்மைக் குழாய் சரியான அளவில் இருந்தும் வேறுபாடு தொடர்ந்தால், அதன் கடைசி முனையைத் திரும்பக் கொண்டுவந்து முதல் முனையுடன் ஒரு T இணைப்பால் சேர்த்து வளையமாக்கலாம். சில மீட்டர் குழாய்க்கு ஆகும் செலவில் பம்பை மாற்றாமலேயே வேறுபாடு பெருமளவு குறைந்துவிடும். வளையத்துக்குப் பிறகும் குறையாவிட்டால், தொட்டிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து அடுத்தடுத்து ஓட்ட வேண்டும்.

### உயரத்தில் உள்ளவை குறைவு, தரையில் உள்ளவை மிகுதி

10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அந்தக் கணக்கில் 3 மீட்டர் தள்ளும் பம்பின் மொத்த வலிமையே 0.3 பார்தான், தரைத் தொட்டிக்கும் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கும் தொட்டிக்கும் இடையே அதில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. திருகி அளவு மாற்றும் சொட்டுவான்களைப் பொருத்தி, தரைத் தொட்டிகளைச் சற்றே மூடி, உயரத்தில் உள்ளவற்றை முழுதாகத் திறப்பதே எளிய வழி.

இந்த இடத்தில் பலரும் அழுத்தம் ஈடுசெய்யும் விலையுயர்ந்த சொட்டுவான்களை வாங்கி ஏமாறுகிறார்கள். எந்த அழுத்தத்திலும் ஒரே அளவு தரும் என்பது உண்மைதான். ஆனால் அவை ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும் அழுத்தமே ஏறக்குறைய 0.5 முதல் 1 பார்வரை. டிரம் இல்லாமல் வீட்டுத் தண்ணீர்க் குழாய் இணைப்பில் நேரடியாக ஓடும் அமைப்புக்கு அவை பொருந்தும், டிரம் பம்புக்குப் பொருந்தாது.

இன்னொரு காரணம் கவனத்துக்கு வருவதே இல்லை. பம்ப் நின்றதும், குழாயில் நிறைந்திருக்கும் நீர் மிகத் தாழ்ந்த சொட்டுவான்களின் வழியே வடிந்துவிடுகிறது. 10 மீட்டர் நீளமுள்ள 16 மில்லிமீட்டர் குழாயில் ஏறக்குறைய 1.4 லிட்டர் நீர் இருக்கும். ஒரு நாளில் நான்கு முறை ஓட்டினால், தாழ்ந்த ஓரிரு தொட்டிகள் 5 லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடித்திருக்கும். குறைந்த முறைகளில் நீண்ட நேரம் ஓட்டினால் இந்த வேறுபாடு சுருங்கும். இயன்றால் முதன்மைக் குழாயைத் தொட்டிகளின் விளிம்புக்குக் கீழே, தரையோடு பதித்து, மெல்லிய குழல்களை மேல்நோக்கி ஏற்ற வேண்டும்.

## அறிகுறி: பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை

சில நிமிடங்கள் சொட்டிவிட்டு நின்றால் அது மேலே சொன்ன எஞ்சிய நீர், பழுதன்று. டிரம் காலியாகும்வரை ஓடினால் அது தூம்புவழி ஓட்டம், அதாவது சைஃபன். டிரம்மின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் ஒரே ஒரு சொட்டுவான் இருந்தாலும் இது நிகழும். குழாயைப் பம்ப் ஒருமுறை நிறைத்துவிட்டால், பிறகு தண்ணீருக்குப் பம்ப் தேவையில்லை. டிரம்மை மேடையேற்றித் தண்ணீர் வராத பழுதைச் சரிசெய்தவர்கள் மறுநாளே இந்தப் பழுதைச் சந்திப்பது வழக்கம்.

உறுதிப்படுத்துவதற்கு, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பின் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போதும் தொடர்ந்து ஓடினால் சைஃபன்; நின்றுவிட்டால் பம்ப் அணையவே இல்லை, பழுது ரிலேயில் இருக்கிறது.

### சைஃபன் என்றால்

பம்பிலிருந்து மேலேறும் குழாயில், டிரம் முழுதாக நிறைந்தாலும் நீர் தொடாத உயரத்தில், ஆனால் டிரம்மின் மூடிக்குக் கீழே, 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இட வேண்டும். பம்ப் ஓடும்போது அந்தத் துளையிலிருந்து சிறிது நீர் பீய்ச்சித் திரும்ப டிரம்முக்குள்ளேயே விழும்; பம்ப் நின்றதும் துளை வழியே காற்று புகுந்து தொடர்ச்சியை அறுத்துவிடும். செலவே இல்லாத இந்தத் துளை, இந்த அமைப்பில் நான் பரிந்துரைப்பவற்றிலேயே மிகவும் பயனுள்ளது. ஆனால் துளை நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டாலோ, சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டாலோ பயன் இல்லை. டிரம்மை நிரப்பும்போதெல்லாம் ஒரு குண்டூசியால் குத்திவிடுவது போதுமானது.

இதற்கு ஒருவழி வால்வு பொருத்தும்படி அடிக்கடி ஆலோசனை சொல்லப்படுகிறது. ஒருவழி வால்வு தடுப்பது பின்னோக்கி வரும் ஓட்டத்தை மட்டுமே. சைஃபனில் தண்ணீர் முன்னோக்கியே ஓடுகிறது, ஆகவே வால்வு அதைத் தாராளமாக அனுமதிக்கும். குழாயை உருளைகளால் நசுக்கி நகர்த்தும் பெரிஸ்டால்டிக் பம்பில் மட்டும், நின்ற நிலையிலும் குழல் மூடியிருப்பதால், சைஃபன் ஏற்படாது. துளையிட விரும்பாதவர்கள் டிரம்மை எல்லாச் சொட்டுவான்களுக்கும் கீழே இறக்கிவிடலாம்.

### பம்பே அணையவில்லை என்றால்

ரிலேயைத் தட்டினால் பம்ப் நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுள்ளன, ரிலேயை மாற்றிவிட வேண்டும். மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே 1N4007 போன்ற ஒரு டையோடைப் பொருத்துவதை விட்டுவிட்டால் புதிய ரிலேயும் அதே வழியில் போகும். டையோடின் வெள்ளிக் கோடு உள்ள முனை நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும்.

### குழாய் இணைப்பில் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) வைத்திருந்தால்

வால்வின் மேல் உள்ள அம்புக்குறி நீர் செல்லும் திசையைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, திருகுகளைக் கழற்றி உள்ளே உள்ள ரப்பர்த் தகட்டில் மணல் சிக்கியிருந்தால் கழுவ வேண்டும். மேல்நிலைத் தொட்டி உயரம் குறைவாக இருந்தால் மற்றொரு காரணமும் உண்டு: மலிவான பிளாஸ்டிக் வால்வுகள் பலவற்றுக்குக் குறைந்தது 0.2 பார், அதாவது ஏறக்குறைய 2 மீட்டர் நீர்மட்டம் தேவை; அது இல்லாதபோது அவை முழுதாகத் திறப்பதுமில்லை, இறுக்கமாக மூடுவதுமில்லை. அங்கு மோட்டாரால் திருகும் பந்து வால்வு பொருத்துவதே சரியான வழி.

குடிநீர்க் குழாயில் இணைத்திருந்தால், உரம் கலந்த நீர் பின்னோக்கிப் போகாதவாறு தடுக்கும் அமைப்பைக் குழாய்ப் பணியாளரைக் கொண்டே பொருத்திக்கொள்ள வேண்டும். அதுபோல, இரவு முழுதும் ஓடிய நீரால் கீழ்த்தளக் கூரையில் ஈரக்கறை தெரிந்தால், பாசனத்தை உடனே நிறுத்திவிட்டுக் கட்டடப் பணியாளரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: இணைப்புகள் கழன்று தண்ணீர் பீய்ச்சுகிறது

டிரம் பம்பில் இது அரிது. குழாய் இணைப்பில் ஓடும் அமைப்பில் அழுத்தம் மிகுதி என்று பொருள். 1 முதல் 1.5 பார் அளவில் நிறுத்தும் அழுத்தக் குறைப்பானை வால்வுக்கு அடுத்துப் பொருத்த வேண்டும். வெயிலில் குழாய் இளகுவதும் காரணமாகலாம். இணைப்பு முனையைச் செருகுவதற்குமுன் குழாய்முனையைச் சில நொடிகள் வெந்நீரில் நனைத்தால் ஆழமாக இறங்கி இறுக்கமாகப் பிடிக்கும்.

## அறிகுறி: தொட்டியின் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது, மண்ணோ காய்ந்திருக்கிறது

அமைப்பு சரியாகவே வேலை செய்கிறது. மண்தான் தண்ணீரை ஏற்க மறுக்கிறது. பீட் பாசி மிகுந்த கலவை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை விலக்கும் தன்மை பெற்றுவிடும். அத்துடன் மண் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகியிருப்பதால், விழும் நீர் அந்த இடைவெளியிலேயே நேராக இறங்கிவிடுகிறது. விரலை நடுப்பகுதியில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொட்டியை ஒரு பாத்திர நீரில் அமர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். பிறகு டைமரில் ஒரே தடவையாக 6 நிமிடம் என்பதை 3 நிமிடம், அரை மணி இடைவெளி, மீண்டும் 3 நிமிடம் என்று பிரித்தால் மண் ஏற்றுக்கொள்ளும். இப்படிப் பிரிப்பது தாழ்ந்த தொட்டிகளின் கூடுதல் வடிகாலை அதிகப்படுத்தும் என்பதால், எல்லாத் தொட்டிகளும் சரியான பிறகு பழைய முறைக்கே திரும்பலாம். 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள தொட்டிக்கு ஒரு சொட்டுவான் போதாது. இரண்டை எதிரெதிராக வைக்க வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது இதற்கு நேர்மாறானது: வடிகால் துளை அடைத்து வேர் மூச்சுத் திணறுகிறது. பாசனத்தை நிறுத்தித் துளையைத் திறக்க வேண்டும். வாட்டத்தைக் கண்டு நீரைக் கூட்டக் கூடாது.

## அறிகுறி: சென்சார் சொல்வதற்கும் மண்ணின் நிலைக்கும் பொருத்தமில்லை

இரண்டு உலோகக் கால்கள் வெளியே தெரியும் மின்தடை வகைச் சென்சாராக இருந்தால் அதிகம் ஆராய வேண்டாம். எப்போதும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் சில வாரங்களிலேயே அதன் பூச்சு அரித்துவிடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் கூடும். அதைவிட, உலோகம் வெளியே தெரியாத கொள்ளளவு வகைக்கு மாறுவது நல்லது.

கொள்ளளவு வகையிலும் முதலில் பார்க்க வேண்டியது அது மண்ணோடு ஒட்டியிருக்கிறதா என்பதையே. சென்சாரைச் சுற்றிச் சிறு காற்றிடைவெளி இருந்தாலும் 'வறட்சி' என்றே காட்டும், பம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். சொட்டுவானுக்கு நேர்க்கீழே வைத்தால் இதற்கு எதிரான பிழை நேரும். சொட்டுவானுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே வைப்பது பொருத்தம். அடுத்து, சென்சாரை உலர்ந்த காற்றில் ஒருமுறையும் குறியிட்ட கோடுவரை நீரில் ஒருமுறையும் வைத்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வகையில் ஈரம் கூடக்கூட எண் குறையும் என்பதை மறந்து எழுதிய நிரல், நனைந்த மண்ணுக்குத் தண்ணீர் விடும். மேற்பகுதியில் உள்ள மின்னணு உறுப்புகளுக்கு நீர்ப் பாதுகாப்பு இல்லை; நகப்பூச்சையோ எபாக்சியையோ பூசி மூடினால் நீடிக்கும்.

வைஃபை வசதியுள்ள கட்டுப்பாட்டுப் பலகையான ஈஎஸ்பி32-இல் வைஃபை இணைந்ததும் அளவீடு குழம்பினால், சென்சாரை 32 முதல் 39 வரையிலான முனைகளில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். மற்ற அளவீட்டு முனைகள் வைஃபை இயங்கும்போது பயன்படாதவை.

## அறிகுறி: பம்ப் தொடங்கும்போதெல்லாம் பலகை மீண்டும் தொடங்குகிறது

பம்ப் இழுக்கும் தொடக்க மின்னோட்டத்தில் பலகையின் மின்னழுத்தம் சரிகிறது. பம்புக்கும் பலகைக்கும் தனித்தனி அடாப்டர் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிரான்சிஸ்டரால் பம்பை இயக்குபவர்கள் இரண்டின் எதிர்முனைகளையும் சேர்த்து இணைக்க வேண்டும்.

மின்சாரம் வந்ததும் பம்ப் ஒரு கணம் தானாக ஓடினால் அது பழுதன்று. பல ரிலேப் பலகைகள் கட்டளை முனை தாழ்நிலைக்குப் போகும்போது இயங்குபவை என்பதால், தொடக்கத்தில் முனை நிலைபெறும் முன்பு அப்படி நிகழும். ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் நிரலில் முனையை வெளியீடாக அறிவிப்பதற்கு முந்தைய வரியிலேயே அதை உயர்நிலைக்கு வைத்துவிட்டால் நின்றுவிடும். நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பம்பின் அடாப்டரை ஒரு சாதாரண டைமர் வழியாகவும் இணைத்து, ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் அதற்கு மின்சாரமே போகாதபடி செய்துவிடுவது அறிவுடைமை. வெளியூர் செல்பவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

## அறிகுறி: மின்கசிவுத் தடுப்பான் விழுகிறது, அல்லது தண்ணீரைத் தொட்டால் சுருக்கென்கிறது

இங்கு மட்டும் சோதனை வரிசை இல்லை. டிரம்முக்குள்ளோ நனைந்த தரையிலோ கை, கால் வைக்காமல், முதன்மைச் சுவிட்சை அணைத்த பிறகே செருகியைப் பிடுங்க வேண்டும். பிறகு கண்ணால் பார்க்கக்கூடியவை இரண்டே: அடாப்டர் நனைந்திருக்கிறதா, அடாப்டருக்குச் செல்லும் வீட்டு மின்கம்பி எங்கேனும் உரிந்திருக்கிறதா. நனைந்த அடாப்டரைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அகற்றிவிட்டுப் புதியதை வீட்டுக்குள்ளேயே வைத்து, 12 வோல்ட் கம்பியை மட்டும் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அந்தக் கம்பி கட்டுப்பாட்டுப் பலகை உள்ள பெட்டிக்குள் நுழைவதற்குமுன் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கினால், அதன்மேல் வழியும் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

வீட்டு மின்னழுத்தத்திலேயே நேரடியாக ஓடும் பம்பாக இருந்தால், அதன் உறை விரிசல்விட்டு மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதை மீண்டும் செருகிப் பார்க்கவே கூடாது. அடாப்டரை மாற்றியும் தடுப்பான் விழுந்தாலோ, வெளிப்புற மின்செருகிக்கு 30 மில்லிஆம்பியர் தடுப்பானே இல்லை என்று தெரியவந்தாலோ, உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்தச் செருகியைப் பயன்படுத்தாமல், செடிகளுக்குக் கையாலேயே தண்ணீர் விட வேண்டும்.